வீட்டிலேயே காருக்கு வினைல் ராப் ஒட்டுவது எப்படி: கொழும்பு வெயிலுக்கும் ஈரத்துக்குமான முழுமையான வழிகாட்டி

காரின் பெயிண்டின் மேல் ஒட்டும் மெல்லிய நிறப் படலம்தான் வினைல் ராப். புதிதாக அதை ஒட்ட வருபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். வினைலை எப்படி இழுப்பது என்பதிலேயே முழுக் கவனமும் இருக்கும். கழுவுவதையும் கழற்றுவதையும் அவசர அவசரமாக முடிப்பார்கள். சில வாரங்களில் ஓரங்கள் எழும்பியதும் வினைல் தரமில்லை என்பார்கள். ஓரம் எழும்புவதற்கு அநேகமாக இரண்டே காரணங்கள்தான்: அந்த இடத்தில் அழுக்கோ மெழுகோ இருந்திருக்கும், அல்லது வினைல் அங்கே இழுபட்ட நிலையில் ஒட்டப்பட்டிருக்கும். கீழே உள்ள ஒவ்வொரு படியும் இந்த இரண்டில் ஒன்றைத் தடுப்பதற்காகத்தான் இருக்கிறது.

உதாரணத்துக்குக் கொழும்பு வீதிகளில் எங்கும் காணப்படும் சுசுக்கி வேகன் ஆர் காரை எடுத்துக்கொள்கிறேன். அதன் உடல் தட்டையானது, வளைவுகள் குறைவு. பழகுவதற்கு நல்ல வண்டி. வேறு கார் வைத்திருப்பவர்களுக்கும் வேலையின் வரிசை மாறாது.

1. முதலில் பெயிண்டைச் சோதியுங்கள்

வினைல் பெயிண்டின் மேல்தான் ஒட்டுகிறது. பெயிண்ட் உலோகத்தை உறுதியாகப் பிடித்திருந்தால்தான் வினைலும் நிற்கும், நாளைக்கு உரிக்கும்போது பெயிண்டும் தப்பும். தொழிற்சாலையில் அடித்த பெயிண்டில் இந்தக் கவலை குறைவு. ஆனால் இங்கே ஓடும் கார்களில் பல, ஒரு தடவையாவது கராஜில் ஏதாவது ஒரு பாகத்துக்குப் பெயிண்ட் அடிக்கப்பட்டவை. விற்றவர் சொல்லாவிட்டாலும் கதவு றப்பரின் அடியிலும், பொனட் திருகாணிகளின் தலையிலும் அந்த அடையாளம் தெரியும்.

சந்தேகமுள்ள பாகத்தில் நல்ல மாஸ்க்கிங் டேப்பை அழுத்தி ஒட்டி, ஒரு மணி நேரம் விட்டு, வேகமாக இழுங்கள். டேப்போடு பெயிண்ட் துணுக்கு வந்தால் அந்தப் பாகத்தில் ராப் வேண்டாம். முதலில் பெயிண்டைச் சரிசெய்யுங்கள்.

அண்மையில் பெயிண்ட் அடித்திருந்தால் குறைந்தது ஒரு மாதம் பொறுத்திருங்கள். புதிய பெயிண்டிலிருந்து கரைப்பானின் ஆவி வெளியேறிக்கொண்டே இருக்கும். அதை மூடினால் வினைலின் அடியில் குமிழ் குமிழாக எழும்பும். உள்ளங்கையளவு வினைல் துண்டொன்றை ஒட்டி ஒரு நாள் விட்டுப் பார்த்தால் போதும். குமிழ் வந்தால் பெயிண்ட் இன்னும் காயவில்லை.

துருப் பிடித்த புள்ளிகளை வினைலால் மறைக்க நினைக்காதீர்கள். வெள்ளவத்தை, தெகிவளைப் பக்கம் கடற்காற்றில் நிற்கும் வண்டிகளில் துரு வினைலுக்கு அடியிலும் வளரும். கல் பட்டுத் தெறித்த பள்ளங்களும் வினைல் மேல் அப்படியே தெரியும். வினைல் மெல்லிய தோல். அது எதையும் நிரப்பாது.

2. பதிவுச் சான்றிதழில் உள்ள நிறம்

வண்டியின் நிறம் பதிவுச் சான்றிதழில் எழுதப்பட்டிருக்கிறது. முழுக் காரையும் வேறு நிறத்துக்கு மாற்றுவதென்றால், வேலையைத் தொடங்குமுன் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் நிற மாற்றத்துக்கான நடைமுறையைக் கேட்டு அதன்படி செய்யுங்கள். லீசிங் முடியாத வண்டியென்றால் நிதி நிறுவனத்துக்கும், எப்படியும் காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். வீதிச் சோதனையில் ஒரு நிறமும் சான்றிதழில் இன்னொரு நிறமுமாக நிற்பதும், விபத்துக்குப் பிறகு காப்புறுதிக்காரரிடம் விளக்கம் சொல்வதும் வீண் தலையிடி.

3. எந்த வினைல், எவ்வளவு

கடையில் 'ஸ்டிக்கர்' என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு பொருள்கள் விற்கப்படுகின்றன. ஒன்று காஸ்ட் வினைல்: திரவமாக ஊற்றிப் பரப்பிக் காயவைத்து எடுப்பது. மற்றது கலண்டர்ட் வினைல்: உருளைகளுக்கிடையில் நசுக்கித் தட்டையாக்கி எடுப்பது. இரண்டாவது மலிவு. ஆனால் நசுக்கிப் பரப்பிய பொருள் சூடு பட்டதும் பழைய அளவுக்குச் சுருங்கப் பார்க்கும். கொழும்பு வெயிலில் நிற்கும் காரில் அது ஓரங்களிலிருந்து மில்லிமீட்டர் மில்லிமீட்டராகப் பின்வாங்கும். பெயர்ப்பலகைக்கு அது போதும். கார் உடலுக்குக் காஸ்ட் வினைலையே வாங்குங்கள்.

3எம் 2080, ஏவரி டெனிசன் சுப்ரீம், ஒராகல் 970 ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. இவற்றின் தடிப்பு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். பசையில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கால்வாய்கள் இருக்கும். அழுத்தும்போது காற்று அவற்றின் வழியே வெளியேறும். பெயரை மட்டும் நம்பாமல் பின்தாளில் அச்சிட்டிருக்கும் தயாரிப்பாளர் பெயரையும் தொகுதி எண்ணையும் பாருங்கள். முழு வேலைக்கும் ஒரே தொகுதியில் வாங்குங்கள். ஒரே நிறம் என்றாலும் தொகுதிக்குத் தொகுதி சிறு வேறுபாடு இருக்கும். கடையின் மங்கலான வெளிச்சத்தில் தெரியாத அந்த வேறுபாடு காலிவீதி வெயிலில் தெரியும்.

சுருளின் அகலம் 1.52 மீட்டர். ஜப்பானிய வேகன் ஆரின் மொத்த அகலமே 1.475 மீட்டர் என்பதால் கூரையையும் பொனட்டையும் ஒட்டுப் போடாமல் ஒரே துண்டில் முடிக்கலாம். ஒவ்வொரு பாகத்தையும் அளந்து, நான்கு பக்கமும் 10 சென்டிமீட்டர் கூட்டி, தாளில் வரைந்து கணக்கிடுங்கள். இப்படியான சிறிய காருக்கு ஏறத்தாழ 15 மீட்டர், நடுத்தர சலூன் காருக்கு 20 மீட்டருக்குக் கிட்ட. முதன்முறை ஒட்டுபவர் இரண்டு மூன்று மீட்டர் கூடுதலாக வாங்குவது நல்லது. ஒரு கதவு பிழைத்தால் வேலை நின்றுவிடக் கூடாது.

பழகுவதற்கு எந்த நிறம் என்று கேட்டால், சாட்டின் (பாதிப் பளபளப்புள்ள) சாம்பல் அல்லது வெள்ளை என்பேன். பளபளக்கும் கறுப்பு ஒவ்வொரு தூசியையும் காட்டிக்கொடுக்கும். குரோம் வகையை முதல் வேலையில் தொடவே வேண்டாம்; அது கொஞ்சம் இழுபட்டாலும் நிறம் மங்கும். மெட்டாலிக், கார்பன் வகைகளுக்குத் திசை உண்டு. எல்லாத் துண்டுகளையும் ஒரே திசையில் வெட்டாவிட்டால் பக்கத்துப் பக்கத்துக் கதவுகள் வேறு வேறு நிறமாகத் தெரியும்.

4. கையில் இருக்க வேண்டியவை

ஓரத்தில் ஃபெல்ட் துணி ஒட்டிய ஸ்குவீஜி (வினைலை அழுத்தித் தேய்க்கும் தட்டையான தகடு) இரண்டு. ஃபெல்ட் தேய்ந்தால் வினைலில் கீறல் விழும், அதனால் மாற்று ஃபெல்ட்டும் வேண்டும். சூடான காற்றை ஊதும் ஹீட் கன். தொடாமல் வெப்பம் அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானி. 30 பாகை கூர்முனை அலகுள்ள வெட்டுக் கத்தி, மாற்று அலகுகள் ஒரு பெட்டி. நூலால் வெட்டும் டேப் ஒரு சுருள். வலுவான காந்தங்கள் நான்கு. நூல் சிந்தாத மைக்ரோஃபைபர் துணிகள் தாராளமாக. மென்மையான கையுறை. களிக்கட்டி (கிளே பார்; பெயிண்டில் படிந்த அழுக்கைத் தேய்த்தெடுக்கும் மென்மையான கட்டி). ஐசோபுரொப்பில் அல்கஹோல். இடுக்கி, மெல்லிய ஊசி.

சாதாரணச் சாமான்கள் பழைய சோனகத் தெரு இரும்புக் கடைகளில் கிடைக்கும். கிளிப், றப்பர் மாதிரியான கார்ச் சாமான்களுக்குப் பஞ்சிகாவத்தை. ஸ்குவீஜியையும் நூல் டேப்பையும் வினைல் வாங்கும் இடத்திலேயே கேளுங்கள்.

அல்கஹோல் பற்றி ஒரு எச்சரிக்கை. மருந்துக்கடை சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் தோலுக்காக ஆமணக்கெண்ணெய் போன்றவை சேர்க்கப்படுவதுண்டு. அந்த எண்ணெய் பெயிண்டில் தங்கினால் பசை பிடிக்காது. ஐசோபுரொப்பில் என்று எழுதியிருப்பதையே வாங்கி, இரண்டு பங்குக்கு ஒரு பங்கு சுத்தமான தண்ணீர் கலந்துகொள்ளுங்கள்.

ஹீட் கன் 2000 வாட் என்றால் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 அம்பியர் இழுக்கும். 5 அம்பியர் பிளக்கில் மாட்டாதீர்கள். மெல்லிய நீட்டிப்பு வயரைச் சுருட்டி வைத்தபடி பாவிக்காதீர்கள். வயர் உருகும்.

5. இடமும் நேரமும்

வினைலுக்கு உகந்த வெப்பநிலை 20 முதல் 25 பாகை. கொழும்பில் பகல் 30, 31 பாகை. வெயிலில் நின்ற கறுப்பு பொனட் 60 பாகையைத் தாண்டும். அந்தச் சூட்டில் வினைல் தொய்யும், பசை தொட்ட இடத்திலேயே பிடித்துக்கொள்ளும். தூக்கித் திருப்பி வைக்க இடமே தராது.

ஆகவே விடியற்காலை 5 மணியிலிருந்து 9 மணி வரை, அல்லது இரவு. வண்டியை முதல்நாள் மாலையே நிழலுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். உலோகம் ஆற நேரம் வேண்டும். தொடங்குமுன் பொனட்டை வெப்பமானியால் அளந்து பாருங்கள். 30 பாகைக்கு மேல் இருந்தால் காத்திருங்கள்.

கூரையும் மூன்று பக்கச் சுவரும் உள்ள இடம் வேண்டும். மின்விசிறியை நிறுத்துங்கள்; அது தூசியைக் கிளப்பும். தரையில் தண்ணீர் தெளித்துவிட்டால் தூசி அடங்கும். இரவில் வேலை செய்பவர்கள் மழை விட்ட மாலைகளைத் தவிர்க்க வேண்டும். விளக்கைப் போட்டதும் ஈசல் வந்து மொய்க்கும். வினைலுக்கு அடியில் ஒரு ஈசல் சிறகு அகப்பட்டால் அது அங்கேயே இருந்துவிடும்.

மாதங்களில் ஜனவரி, பெப்ரவரி வசதியானவை. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை அடிக்கடி வரும். மழையே பெய்யாவிட்டாலும் அந்த ஈரம் ஓரங்களைக் காயவிடாது.

6. கழுவுதலும் கழற்றுதலும்

நான் எப்போதும் அதிக நேரம் ஒதுக்கச் சொல்லும் படி இதுதான். புதியவர்களுக்குச் சலிப்பூட்டும் படியும் இதுதான்.

முதல்நாள்: மெழுகு கலக்காத சாதாரணச் சோப்பால் வண்டியைக் கழுவுங்கள். கழுவியதும் பளபளக்கும் என்று விற்கப்படும் ஷாம்புகளில் மெழுகு இருக்கும், அவை வேண்டாம். பிறகு தண்ணீர் தெளித்துக்கொண்டே களிக்கட்டியால் தேயுங்கள். விரலை ஒரு மெல்லிய பொலித்தீன் பைக்குள் விட்டுப் பெயிண்டைத் தடவினால் கண்ணுக்குத் தெரியாத மணல்மணியான அழுக்கு விரலுக்குத் தெரியும். அது முழுவதும் மறையும் வரை தேய்க்க வேண்டும். தார்ப் புள்ளிகளைத் தார் நீக்கியால் எடுத்து அந்த இடத்தை மறுபடி சோப்பால் கழுவுங்கள்.

அடுத்து கழற்றும் வேலை. இலச்சினை, கதவுக் கைப்பிடி, பக்கவாட்டு றப்பர்ப் பட்டை, அன்டெனா, முடிந்தால் முன்பின் விளக்குகள். இவற்றைக் கழற்றாமல் சுற்றி வெட்டினால் வினைலின் ஓரம் வெளியே நிற்கும். தண்ணீரும் தூசியும் முதலில் நுழைவது அங்கேதான். கழற்றினால் ஓரம் அந்தப் பாகத்துக்கு அடியில் ஒளிந்துகொள்ளும்.

இலச்சினைகளை ஹீட் கன்னால் இளஞ்சூடாக்கி, மீன்பிடி நைலோன் நூலைப் பின்னால் விட்டு அறுப்பது போல இழுத்தால் வந்துவிடும். கைப்பிடிக்குப் பல ஜப்பானியக் கார்களில் கதவின் விளிம்பில் ஒரு றப்பர் மூடி இருக்கும். அதற்குள் உள்ள திருகாணியைத் தளர்த்தினால் போதும். ஒவ்வொரு திருகாணியையும் எந்தப் பாகத்துடையது என்று எழுதிய கடித உறையில் போடுங்கள். கழற்றுமுன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். உடைந்த கிளிப் நிச்சயம் ஒன்றிரண்டு இருக்கும். அதனால்தான் இந்த வேலை முதல்நாளே முடிய வேண்டும், பஞ்சிகாவத்தைக் கடைகள் திறந்திருக்கும் நேரத்தில்.

றப்பர்களைத் தூக்கி அடியில் பாருங்கள். பல வருட அழுக்கு அங்கே கறுப்புக் கோடாகப் படிந்திருக்கும். வினைலின் ஓரம் போய் ஒட்ட வேண்டிய இடம் அதுவேதான். பல் துலக்கும் பழைய பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, ஓர் இரவு காயவிடுங்கள். இடுக்குகளில் நின்ற தண்ணீர் நீங்கள் ஓரம் மடிக்கும் நேரம் பார்த்து வெளியே வரும்.

அல்கஹோல் துடைப்பு ஒட்டும் நாளில், ஒட்டும் பாகத்துக்கு மட்டும், ஒட்டுவதற்குச் சற்று முன்னர்தான் செய்ய வேண்டும். ஒரு கையில் நனைந்த துணி, மறு கையில் காய்ந்த துணி. அல்கஹோல் தானாகக் காயுமுன் காய்ந்த துணியால் துடைத்தெடுங்கள். தானாகக் காயவிட்டால் கரைந்த எண்ணெய் அதே இடத்தில் மறுபடி படியும். துடைத்த பிறகு வெறும் விரலால் தொடாதீர்கள். ஹீட் கன்னை எடுக்குமுன் அல்கஹோல் போத்தலையும் நனைந்த துணிகளையும் தூரக் கொண்டுபோய் வையுங்கள். அது எளிதில் தீப்பிடிக்கும் பொருள்.

7. பாகங்களின் வரிசை

பெற்றோல் மூடியில் தொடங்குங்கள், கை பழகும். அடுத்து பொனட், கூரை, கதவுகள், பின்கதவு, மட்கார்ட். பக்கக் கண்ணாடிகளும் பம்பர்களும் கடைசி. பம்பர் கீழே இருப்பதால் பிழை தெரியாது என்று நினைத்து அங்கே தொடங்குபவர்கள் உண்டு. காரிலேயே மிகக் கடினமான வளைவுகள் அங்கேதான் இருக்கின்றன. முதல் நாளே மனம் விட்டுப்போகும்.

ஒரே மூச்சில் முழுக் காரையும் முடிக்க முயலாதீர்கள். ஒரு காலையில் ஒன்று அல்லது இரண்டு பாகம் போதும்.

8. பொனட்: படிப்படியாக

இதற்கு இரண்டு பேர் கட்டாயம் வேண்டும்.

முதலில் பின்தாளை உரிக்காமல் துண்டைப் பொனட்டின் மேல் விரித்து, நான்கு பக்கமும் போதிய அளவு தொங்குகிறதா என்று பாருங்கள். காந்தங்களால் பிடித்துக்கொண்டு நடுவை அடையாளமிடுங்கள்.

பிறகு ஒரு ஓரத்தில் தொடங்கிப் பின்தாளை உரியுங்கள். ஒருவர் வினைலைப் பிடிக்க, மற்றவர் தாளைத் தாழ்வாகவும் மெதுவாகவும் இழுக்க வேண்டும். சட்டென்று இழுத்தால் வினைலில் குறுக்குக்கோடு விழும், அது பிறகு போகாது. பசைப் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் பதறாமல் இருவரும் எதிர்த் திசைகளில் மெல்லப் பிரியுங்கள்.

இருவரும் நான்கு மூலைகளையும் பிடித்து, சுருக்கம் போகும் அளவுக்கு மட்டும் விறைப்பாக்கி, பொனட் மேல் மெல்ல இறக்குங்கள். இப்போது வினைல் பொனட்டின் மேல் கண்ணாடித் தகடு வைத்தது போலக் கிடக்க வேண்டும். சுருக்கம் இருந்தால் அந்த மூலையைத் தூக்கி மறுபடி வையுங்கள். சுருக்கத்தை ஸ்குவீஜியால் அமுக்கிவிட நினைப்பது புதியவர்களின் முதல் பிழை. அமுக்கிய சுருக்கம் மடிப்பாகும். மடிப்பு வெள்ளைக் கோடாக நிலைத்துவிடும்.

தண்ணீர் தெளிக்காதீர்கள். கண்ணாடிக்கு டின்ட் ஒட்டுபவர்கள் சோப்புத் தண்ணீர் தெளிப்பதைப் பார்த்துப் பலர் இங்கும் அதையே செய்கிறார்கள். இந்த வினைல் உலர்ந்த நிலையில் ஒட்டுவதற்கு உரியது. தண்ணீர் பசையின் கால்வாய்களை அடைத்துக்கொண்டு உள்ளேயே நிற்கும்.

நடுவிலிருந்து ஸ்குவீஜியை 45 பாகை சாய்த்துப் பிடித்து வெளிநோக்கி இழுங்கள். ஒவ்வொரு இழுப்பும் முந்தைய இழுப்பின் பாதியை மூட வேண்டும். இடைவெளி விட்ட இடத்தில்தான் காற்று தங்கும். ஓரத்துக்கு ஐந்து சென்டிமீட்டர் இருக்கும்போது நிறுத்துங்கள். ஓரத்தை முன்னரே ஒட்டிவிட்டால் உள்ளே இருக்கும் காற்று வெளியேற வழியில்லை.

தூசி ஒன்று அகப்பட்டுவிட்டால் உடனே அந்தப் பக்கத்தைத் தூக்கி இடுக்கியால் எடுங்கள். முதல் சில நிமிடங்களில் பசை விட்டுக்கொடுக்கும், அரை மணி நேரம் கழித்து விட்டுக்கொடுக்காது. கடுகளவு காற்றுக் குமிழ்களை விட்டுவிடலாம், சில நாளில் தானாகப் போகும். பெரிய குமிழென்றால் அதன் ஓரத்தில் ஊசியால் ஒரு துளையிட்டு விரலால் அழுத்துங்கள்.

9. இழுப்பதைப் பற்றி

வேலை பழக வந்த ஒரு தம்பி மட்கார்டின் வளைவில் வினைலைப் பிடித்துக்கொண்டு, "இழுத்தால் சரிவரும்தானே, அண்ணா?" என்று கேட்டான். அவன் கையில் இருந்த பகுதியில் நிறம் ஏற்கெனவே ஒரு மாற்றுக் குறைந்து வெளிறியிருந்தது. நான் ஹீட் கன்னை எடுத்து அந்த இடத்தில் இளஞ்சூடு காட்டச் சொன்னேன். வினைல் அவன் கண்முன்னே பின்வாங்கி, சுருக்கமும் வெளிறலும் போய்ப் பழைய நிறத்துக்கு வந்தது. சூடு பட்டால் வினைல் முன்பிருந்த வடிவத்துக்குத் திரும்பும். வேலையின்போது அந்தக் குணம் நமக்கு உதவி. வேலை முடிந்த பின் அதே குணம்தான் எதிரி. நீங்கள் இழுத்து ஒட்டியதை உச்சிவெயில் ஒவ்வொரு நாளும் திருப்பி இழுத்துக்கொண்டிருக்கும்.

ஆகவே சுருக்கம் வந்தால் முதலில் தூக்குங்கள், பிறகு இளஞ்சூடு காட்டுங்கள், பிறகு மறுபடி வையுங்கள். 40 முதல் 50 பாகை போதும். இழுக்கத்தான் வேண்டுமென்றால் ஒரே இடத்தைப் பிடித்து இழுக்காமல், இரு கைகளையும் அகலப் பரப்பி, இழுவை பெரிய பரப்பில் பகிரப்படும்படி இழுங்கள்.

குழிவான இடங்களில் எதிர்மாறாகச் செய்ய வேண்டும். கதவுக் கைப்பிடிக்குப் பின்னால் உள்ள பள்ளத்தின் மேல் வினைலைப் பாலம் போட்டுவிட்டுப் பிறகு சூடாக்கி உள்ளே தள்ளினால் சில வாரங்களில் அது எழும்பி நிற்கும். சுற்றுப்பகுதியை ஒட்டுமுன்பே வினைலைத் தளர்வாக விட்டு, பள்ளத்தின் அடியை முதலில் விரலால் ஒட்டி, அங்கிருந்து மேலே வாருங்கள். பள்ளம் மிக ஆழமென்றால் அதற்குத் தனித்துண்டு ஒட்டி, மேலே வரும் துண்டை அதன்மேல் ஐந்தாறு மில்லிமீட்டர் ஏற்றி முடிப்பது நல்லது. ஒட்டுத் தெரியாதபடி செய்வது கைத்திறமைதான், ஆனால் எழும்பாத ஒட்டு எழும்பிய ஒற்றைத் துண்டைவிடப் பல மடங்கு மேல்.

10. வெட்டுதல்

கத்தி வினைலை மட்டும் வெட்ட வேண்டும். அலகின் நுனியை மட்டும் வெளியே விட்டு, தாழ்வாகச் சாய்த்து, விரல்நுனியால் பிடியுங்கள். காதைக் கொடுத்துக் கேளுங்கள்: வினைல் வெட்டுப்படும்போது பட்டுத் துணி கிழிவது போன்ற மெல்லிய ஓசை வரும். கரகரவென்று கேட்டால் அலகு பெயிண்டைத் தொட்டுவிட்டது, உடனே நிறுத்துங்கள். அந்தக் கீறல் கடற்காற்றில் துருக்கோடாகும். உரிக்கும் நாளில்தான் உங்களுக்குத் தெரியவரும். அலகின் நுனியை ஒவ்வொரு பாகத்துக்கும் ஒருமுறையாவது ஒடித்துப் புதுப்பியுங்கள். மழுங்கிய அலகுதான் கையை அழுத்த வைக்கிறது.

பெயிண்டின் நடுவில் வெட்ட வேண்டி வந்தால் கத்தியை எடுக்காதீர்கள். வெட்ட வேண்டிய கோட்டில் நூல் டேப்பை முன்னரே ஒட்டி, அதன்மேல் வினைலை ஒட்டி, பிறகு நூலை இழுத்தால் வினைல் அடியிலிருந்து நேராக அறுபடும்.

பொனட், கதவு ஓரங்களில் விளிம்போடு சேர்த்து வெட்டாமல் ஒரு சென்டிமீட்டர் விட்டு வெட்டி, உள்ளே மடித்து ஒட்டுங்கள். மூலைகளில் அதிகமாக உள்ளதைச் சிறு கீறலிட்டுத் தளர்த்தினால் மடிப்பு குவியாது. மடித்த பகுதி இழுபடாமல், தளர்வாகவே கிடக்க வேண்டும்.

11. பக்கக் கண்ணாடியும் பம்பரும்

பக்கக் கண்ணாடியின் மூடியை முடிந்தால் கழற்றி மேசையில் வைத்து ஒட்டுங்கள். வினைலை முழுவதும் சூடாக்கி, இருவர் நான்கு பக்கமும் சமமாக விரித்து, மூடியின் நடுவில் ஒரே இறக்கமாக இறக்கி, இழுவை முழுப் பரப்பிலும் பரவும்படி கீழே கொண்டுவாருங்கள். முதல் துண்டு வீணாகலாம். அதற்காகவும்தான் கூடுதல் வினைல்.

பம்பரை ஒரே துண்டில் மூடப் பார்க்காதீர்கள். அதன் உடலிலேயே மடிப்புக்கோடுகள் இருக்கும். அந்தக் கோட்டில் பிரித்து இரண்டு மூன்று துண்டுகளாக ஒட்டுங்கள். மேல்துண்டு கீழ்த்துண்டின் மேல் ஏறி நிற்க வேண்டும். அப்போது மழைத்தண்ணீர் ஒட்டுக்குள் இறங்காது. பார்க்கிங் சென்சர்களை மூடாதீர்கள். முன்னால் றேடார் உள்ள கார்களில் அந்தப் பகுதியையும் விட்டுவிடுங்கள், மெட்டாலிக் வினைல் அதன் அலைகளைக் குழப்பும்.

பிரைமர் என்ற பசை ஊக்கியைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். பம்பரின் கீழ் ஓரம், ஆழமான பள்ளத்தின் விளிம்பு போன்ற இடங்களில் மெல்லிய கோடாக மட்டும் பூசலாம். பிழையான ஒட்டலைப் பிரைமரால் காப்பாற்ற முடியாது. எங்கும் பூசிவைத்தால் உரிக்கும்போது பசை முழுவதும் காரிலேயே தங்கும், சில இடங்களில் பெயிண்டும் வரும்.

12. கடைசிச் சூடு

பலர் களைத்துப்போய் இதை விட்டுவிடுகிறார்கள். விட்டால் முன்னர் செய்த அத்தனையும் பாதி வேலைதான்.

வளைவு, பள்ளம், மடித்த ஓரம் என்று வினைல் சற்றேனும் இழுபட்ட எல்லா இடங்களையும் 90 முதல் 110 பாகை வரை சூடாக்க வேண்டும். சரியான எண் வினைலோடு வரும் தொழில்நுட்பத் தாளில் இருக்கும். அந்த வெப்பத்தில்தான் வினைல் தன் பழைய வடிவத்தை மறந்து புதிய வடிவத்தை ஏற்கும். கையால் தொட்டு மதிப்பிட முடியாது. ஒவ்வொரு அங்குலத்தையும் வெப்பமானியால் அளந்துகொண்டே நகருங்கள். ஹீட் கன்னை ஒரே இடத்தில் நிறுத்தாதீர்கள். வினைல் பளபளத்துச் சுருங்கும், அடியில் உள்ள பிளாஸ்டிக் பம்பரும் நெளியும். சூடாக்கியதும் கையுறை விரலால் ஓரத்தை மறுபடி அழுத்துங்கள்.

அடுத்த நாள் காலை வண்டியைச் சுற்றி வந்து ஒவ்வொரு ஓரத்தையும் பாருங்கள். எழும்பியிருந்தால் அந்த இடத்தைத் தூக்கி, அல்கஹோலாலும் பிறகு காய்ந்த துணியாலும் துடைத்து, ஈரம் முழுவதும் போன பின் இளஞ்சூடு காட்டி இழுவையைத் தளர்த்தி, மறுபடி ஒட்டி, மறுபடி கடைசிச் சூடு கொடுங்கள். அழுத்தி மட்டும் விட்டால் மாலையே மறுபடி எழும்பும்.

கழற்றிய கைப்பிடி, இலச்சினை, றப்பர்களை இந்தச் சோதனைக்குப் பிறகே பூட்டுங்கள்.

13. முதல் வாரமும் பிறகும்

முதல் வாரம் வண்டியைக் கழுவாதீர்கள். முடிந்தால் மழையிலும் விடாதீர்கள். பசை முழு வலுவுக்கு வர அந்த நேரம் வேண்டும்.

பிறகு கையால் கழுவுவதே நல்லது. சேர்விஸ் நிலையத்தில் விட்டால் அழுத்தக் குழாயை ஒரு அடிக்குக் கிட்டக் கொண்டுவர வேண்டாம், நேராகப் பிடியுங்கள், ஓரத்தைச் சாய்வாகக் குறிவைக்காதீர்கள் என்று அங்கிருப்பவரிடம் சொல்லிவிட்டு நில்லுங்கள். மண்ணெண்ணெய் துணியால் உடலைத் துடைக்க விடாதீர்கள்.

காக்கை எச்சத்தையும் மரப்பாலையும் அன்றே ஈரத்துணியால் ஊறவைத்து எடுங்கள். கொழும்பில் மரநிழலில் நிறுத்துபவர்களுக்கு இது அன்றாட வேலை. பெற்றோல் சிந்தினால் உடனே துடைத்துக் கழுவுங்கள். மேட், சாட்டின் வகைகளுக்கு மெழுகு பூசாதீர்கள், திட்டுத் திட்டாகப் பளபளக்கும்.

கூரையும் பொனட்டும் நேர் வெயிலை வாங்குவதால் கதவுகளுக்கு முன்னரே மூப்படையும். தயாரிப்பாளர்களும் கிடைமட்டப் பாகங்களுக்குக் குறைந்த உத்தரவாதமே தருகிறார்கள். அவற்றில் நிறம் வெளிறத் தொடங்கினால் வெடிப்பு வரும்வரை காத்திருக்காமல் உரித்துவிடுங்கள். இளஞ்சூடு காட்டி, ஒரு மூலையைத் தூக்கி, உடலோடு ஒட்டினாற்போலத் தாழ்வாக, மெதுவாக இழுத்தால் முழுத் துண்டாக வரும். வெடித்த பிறகு நகத்தளவு துணுக்குகளாகத்தான் வரும், ஒரு பொனட்டுக்கு ஒரு நாள் போய்விடும். மிஞ்சிய பசையை இளஞ்சூட்டோடு பசை நீக்கியால் துடைத்து, சோப்பால் கழுவி, புதிய துண்டு ஒட்டுவதென்றால் களிக்கட்டியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.